மனித உருவ ரோபோவை உள்ளே அழைக்கும் முன்: முடிவெடுக்கும் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

முதியோர் இல்லம், பள்ளி, மருத்துவமனை என மனிதரை மனிதர் கவனித்துக்கொள்ளும் இடங்களில், பேசும் செயற்கை நுண்ணறிவையோ முகமும் கைகளும் கொண்ட ரோபோவையோ அமர்த்தலாமா என்ற கேள்வி இப்போது தத்துவத் துறைகளைத் தாண்டி, நிர்வாகக் குழுக்களின் மேசைக்கும் பெற்றோர் சங்கங்களின் கூட்டத்துக்கும் வந்துவிட்டது. அத்தகைய குழு ஒன்றில் நீங்கள் இருந்தால், எதை முதலில் கேட்பது, எதைத் தள்ளிவைப்பது, எதற்கு எழுத்தில் பதில் வாங்குவது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன். பெரும்பாலான விவாதங்கள் தவறான முனையில் தொடங்குகின்றன என்பது என் கருத்து. "இதற்கு உண்மையிலேயே உணர்வு உண்டா?" என்பதிலேயே மாலைப் பொழுது கழிந்துவிடுகிறது, "இது தவறு செய்தால் யார் பதில் சொல்வது?" என்று ஒருவர் கேட்கும்போது மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருப்பார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

செயல்விளக்கத்தைப் பார்க்கும் முறை

விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் ரோபோ, எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டியின் பேச்சைக் கேட்டுத் தலையைச் சற்றே சாய்த்து, "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்று சொல்லும். அறையில் இருப்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். அந்தச் சில நொடிகளில் என்னென்ன நடந்தன என்பதை அங்கேயே ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மைக் ஒலியைப் பிடித்தது. ஒலி எழுத்தாக மாறியது. அந்த எழுத்து, பெரும்பாலும், வேறெங்கோ இருக்கும் சர்வருக்குச் சென்றது. அங்கே ஒரு மொழி மாதிரி, முன்வந்த சொற்களை வைத்து அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டு ஒரு வாக்கியத்தை அமைத்தது. அது குரலாகத் திரும்பிவந்தது. கழுத்திலிருந்த மோட்டார் தலையைச் சில பாகை திருப்பியது. இந்தக் குறிப்பு ரோபோவுக்கு மனம் இல்லை என்று நிரூபித்துவிடாது. ஆனால் பேச்சு எங்கே போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, அந்தத் தலைச்சாய்வை யார் எதற்காக வடிவமைத்தார்கள் என்ற கேள்விகள் அந்தத் தாளிலிருந்து தாமாகவே எழுந்து நிற்கும்.

நெகிழ்ந்துபோனதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற நிரல், நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தைச் சில எளிய விதிகளின்படி திருப்பிப்போட்டுக் கேள்வியாகக் கேட்டது. அவ்வளவுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சில வரிகள் உரையாடியதும், அறையைவிட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். வெறும் எழுத்துக்கே அந்த ஈர்ப்பு இருந்ததென்றால், நம் கண்களைத் தொடரும் கண்களுக்கு எவ்வளவு இருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டுதான் குழு அமர வேண்டும்.

அடுத்து, காட்டப்பட்டதில் எவ்வளவு ரோபோ செய்தது, எவ்வளவு தொலைவிலிருந்து ஒரு மனிதர் இயக்கியது என்று கேளுங்கள். 1770-இல் வொல்ஃப்காங் ஃபான் கெம்பலன் காட்டிய சதுரங்க எந்திரத்துக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். இன்று அந்த மனிதர் வேறொரு கட்டடத்தில் திரைக்கு முன் அமர்ந்திருக்கலாம். தொலைவிலிருந்து இயக்குவது தன்னளவில் மோசடி அல்ல. கடினமான வேலைகளை ரோபோ கற்றுக்கொள்ள அது ஒரு வழியும்கூட. ஆனால் அப்படியானால் முகம் தெரியாத ஒருவர், அந்த ரோபோவின் கேமரா வழியாக, உங்கள் பராமரிப்பிலுள்ளவரின் படுக்கையறையைப் பார்க்கிறார். அவர் யாருடைய ஊழியர், பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படும், உடை மாற்றும் நேரத்தில் கேமராவை மூட முடியுமா என்பவற்றுக்கு வாய்மொழி உறுதி போதாது.

மனம் பற்றிய கேள்விக்கு அளவாக இடம் கொடுங்கள்

இக்கேள்வியை முற்றாக ஒதுக்கவும் கூடாது. அதனால் கால அளவு வைத்துப் பேசுவது நல்லது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950-இல், எந்திரம் சிந்திக்குமா என்பதற்குப் பதிலாக, எழுத்து உரையாடலில் அதை மனிதரிடமிருந்து பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கலாம் என்றார். தத்துவவாதி ஜான் சர்ல் 1980-இல் அதற்கு எதிராக ஒரு கற்பனையை முன்வைத்தார்: சீனம் அறியாத ஒருவர் பூட்டிய அறையில், விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துகளுக்குச் சீன எழுத்துகளாலேயே சரியான விடை அனுப்பிக்கொண்டிருந்தால், வெளியே நிற்பவருக்கு அவர் சீனம் அறிந்தவராகத் தோன்றுவார், ஆனால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அறைக்குள் இருப்பவருக்குப் புரியாவிட்டாலும் மொத்த அமைப்புக்குப் புரிகிறது என்று சொல்ல முடியாதா என்ற மறுப்பு அப்போதே எழுந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் குழு அதை ஒரு கூட்டத்தில் தீர்த்துவிடப்போவதில்லை.

குழுவால் முடிவது வேறொன்று. மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத முடிவுகளை முதலில் பிரித்தெடுங்கள். பிள்ளைகள் ரோபோவை உதைக்கலாமா என்பதை எடுத்துக்கொள்வோம். விலங்குகளைக் கொடுமைப்படுத்துபவர் மனிதரிடமும் கடுமையாகிவிடுவார் என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வாதிட்டார். அதே தர்க்கத்தில், ரோபோவுக்கு வலிக்குமா என்று தெரியாமலேயே, பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக உதைக்கக் கூடாது என்று விதி எழுதலாம். அதேபோல, மனம் இருக்கிறது என்று நம்புகிறவரும் இல்லை என்கிறவரும், அது மனிதரல்ல என்பதைப் பேசத் தொடங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போக முடியும். இப்படிப் பிரித்தால், மன விவாதத்தில் உண்மையாகவே தொங்கிநிற்கும் முடிவுகள் எவ்வளவு குறைவு என்பதைக் கண்டு குழு வியக்கும்.

பொறுப்பை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த உரையாடல் நிரல், பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு, துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று தவறாகச் சொன்னது. வழக்கு தீர்ப்பாயத்துக்கு வந்தபோது, அந்த நிரல் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, தன் தளத்தில் இருப்பவை அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு வழங்கச் சொன்னது. தொகை சிறியது, ஆனால் அந்த வாதம் எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றமே 2017-இல், மிக மேம்பட்ட ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற சட்டநிலையை நீண்டகால நோக்கில் பரிசீலிக்கலாம் என்று தீர்மானித்தது. மறு ஆண்டே 150-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். முகமும் பெயரும் உள்ள எந்திரத்தின் மேல் பழிபோடுவது, பெட்டி வடிவ எந்திரத்தின் மேல் பழிபோடுவதைவிட எளிது என்பதால், மனித உருவம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

பழி மேலே நிற்காவிட்டால் கீழே விழும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டி கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். அவரை வாகனம், சைக்கிள், வேறு பொருள் என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. கார் தயாரிப்பாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி, கணினி ஓட்டும்போது இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தது. விசாரணை, ஊபர் நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைகளையும் குறை கூறியது. ஆனால் குற்ற வழக்கு, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பு ஓட்டுநர் மீது மட்டுமே வந்தது. அவர் கவனக்குறைவாக இருந்தது உண்மை. இருந்தும், மாதக்கணக்கில் தானாகவே ஓடும் காரில் சும்மா அமர்ந்திருந்து, தவறு நேரும் அந்த ஒரு நொடியில் மட்டும் விழிப்பாக இருக்கும்படி எந்த மனிதரையும் எதிர்பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இந்நிலையை, மோதலின்போது தான் நசுங்கிப் பயணியைக் காக்கும் காரின் முன்பகுதிக்கு ஒப்பிட்டார். இங்கே நசுங்குவது கடைநிலை ஊழியர், காக்கப்படுவது அமைப்பு.

உங்கள் இடத்தில் அந்தக் கடைநிலை ஊழியர் யார்? இரவுப் பணியிலிருக்கும் செவிலியரிடம் தன் வேலையோடு மூன்று ரோபோக்களையும் 'மேற்பார்வையிட' வேண்டும் என்று சொல்லப்பட்டால், அவருக்கு உடனே நிறுத்தும் அதிகாரம் உண்டா, நிறுத்தும் பொத்தான் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, நிறுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்படுமா என்பவற்றைப் பதவிப் பெயருடன் எழுதுங்கள். காயம் நேர்ந்தால் இழப்பீடு யார் தருவது, செயல்பதிவுகள் யார் கையில் இருக்கும், மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின் நடத்தை மாறினால் யார் மறுபடி சோதிப்பது என்பவையும் அதே பக்கத்தில் வரட்டும். விற்பனையாளர் கையெழுத்திடத் தயங்கும் வரி எதுவோ, அதைப் பற்றித்தான் அடுத்த கூட்டம் கூட வேண்டும்.

பற்று உருவாகும், அது அறுபடும் நாளையும் திட்டமிடுங்கள்

5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்காக 799 டாலருக்கு விற்கப்பட்ட மாக்ஸி என்ற பேசும் ரோபோவின் நிறுவனம், பணம் திரட்ட முடியாமல் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. ரோபோவின் பேச்சு நிறுவனத்தின் சர்வர்களை நம்பியிருந்ததால், சர்வர் நின்றால் தோழனும் நின்றுவிடுவான். பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு உதவும் கடிதம் ஒன்றையும் நிறுவனமே கொடுத்தது. அத்தகைய கடிதத்தை, ரோபோவை வாங்கும் நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். நிறுவனம் மூடினாலோ சந்தா நின்றாலோ எவ்வளவு காலம் முன்னறிவிப்பு உண்டு, இணையம் இல்லாமல் எந்த அளவு இயங்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

பற்றைக் குறைக்க எளிய வழி, மனித உருவத்தையே தவிர்ப்பது. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே, மனிதரை ஏறக்குறைய முழுதாக ஒத்திருக்கும் உருவம் அருவருப்பைத் தரக்கூடும் என்றும், வடிவமைப்பாளர்கள் முழு ஒற்றுமையைக் குறிவைக்க வேண்டாம் என்றும் எழுதினார். தக்கனோரி ஷிபாதா பாரோ என்ற பராமரிப்பு ரோபோவுக்குக் கடல்நாய்க் குட்டியின் வடிவத்தைத் தேர்ந்தார். பூனையோ நாயோ என்றால் மக்கள் தாமறிந்த பிராணியோடு ஒப்பிட்டு ஏமாறுவார்கள், கடல்நாயோடு யாருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. படிகளும் கைப்பிடிகளும் மனித உடலுக்காகக் கட்டப்பட்டவை என்பதால் கால்களுக்கும் கைகளுக்கும் நியாயம் உண்டு. முகத்துக்கு என்ன நியாயம் என்று விற்பனையாளரைத் தனியாகக் கேளுங்கள்.

வேலை, பாகுபாடு, சட்டம்

வேலை பறிபோகுமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு பணியாளரின் ஒரு நாளைப் பணிகளாகப் பிரித்து, எது எந்திரத்துக்குப் போகிறது என்று பாருங்கள். மனிதருக்குக் கடினமான கணக்கு எந்திரத்துக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தைக்கு எளிதான அசைவு எந்திரத்துக்குக் கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-இல் சுட்டிக்காட்டினார். அதன் விளைவு விசித்திரமானது: முதியவரைத் தூக்கிக் குளிக்கவைப்பதும் விரிப்பு மாற்றுவதும் ஊழியரிடமே தங்கிவிட, முதியவரோடு உட்கார்ந்து பேசும் வேலைதான் முதலில் எந்திரத்துக்குப் போகிறது. இதற்காகவா வாங்குகிறீர்கள் என்பதைக் குழு வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாகுபாட்டுக்கு, சராசரித் துல்லியத்தை ஏற்காதீர்கள். ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் 2018-இல் முகத்தை வைத்துப் பாலினம் கணிக்கும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை சென்றது. பக்கவாதத்தால் பேச்சு குழறுபவரையும் வட்டார வழக்கில் பேசுபவரையும் கொண்டு, உங்கள் இடத்திலேயே சோதனை நடத்தச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் மனிதரின் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்கிறது. உங்கள் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லையென்றாலும், அந்தத் தடையை ஒப்பந்த வரியாகச் சேர்க்க யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைசியாக, அனுமதி கொடுத்தால் தேதி குறித்த சோதனைக் காலத்துக்கு மட்டும் கொடுங்கள். மறுஆய்வுக் கூட்டத்துக்குப் பராமரிப்பைப் பெறுபவர்களும் இரவுப் பணியாளர்களும் அழைக்கப்பட வேண்டும். ரோபோ வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொருவருக்கும், அதே நேரத்தில், காத்திருக்கவைக்காமல் மனிதர் ஒருவர் வர வேண்டும். அவர் யார் என்பது அந்த வாரத்துப் பணிப்பட்டியலில் பெயருடன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரோபோவை வாங்கும் தேதியைத் தள்ளிவையுங்கள்.