எஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுவேன்

பழைய டிராக்டர் பார்க்கப் போனால் பேச்சுக் கொடுத்தபடியே எஞ்சின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால், நான் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய டிராக்டர் வாங்கி விற்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாது. மதியம் போய்ப் பார்த்தேன், சூடாக இருந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது, பணத்தைக் கொடுத்து ஏற்றி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் வெள்ளைப் புகையைக் கக்கியதே தவிர எஞ்சின் எழவில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், போயிருந்தது. பிஸ்டன், லைனர் மாற்றியதில் லாபம் மொத்தமும் கரைந்தது. இப்போதெல்லாம் எஞ்சின் சூடாக இருந்தால், 'நாளைக் காலையில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நல்ல சரக்கு, விவசாயத்தை விடுபவரிடம்தான் கிடைக்கும். ஒரே கை ஓட்டியதாக இருக்கும், கொட்டகையில் நின்றிருக்கும், எப்போது ஆயில் மாற்றினார் என்பதை அவரே சொல்வார். புது வண்டி விற்பவர்கள் மாற்றுக்கு எடுத்த பழைய வண்டிகளை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். நாலு நல்லதோடு ஒரு நொண்டியும் வரும், அதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தவணை கட்டாமல் பறிமுதலானவை ஏலத்துக்கு வரும். அங்கே பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், விலைக்கு மேல் கமிஷனும் உண்டு. பார்வையிடும் நாளில் போகாதவர் ஏலத்தன்று கை தூக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பேன். லேசாக ஆவி வந்தால் சரி. புகை குபுகுபுவென்று தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது, எஞ்சின் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நின்றபாடில்லை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆயில் சூடான பிறகு, பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைப்பேன். குளிர்ந்த ஆயிலில் தாங்கிப் பிடிக்கும் தேய்ந்த லிப்ட் (கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு), சூட்டில் இறங்கிவிடும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ரோட்டவேட்டர் தரையைத் தொட்டால் விலையைக் குறைக்க வேண்டியதுதான்.

எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பழைய மெக்கானிக்கல் மீட்டர்கள் எஞ்சின் சுற்றை வைத்தே ஓடும். மெதுவாக ஓட்டினால் ஒரு மணி நேரம் போயும் முழு மணி ஏறாது. மீட்டர் 2,000 என்று சொல்ல, கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் நான் பெடல் பக்கம். புதுப் பெயிண்ட் என்றால் வெல்டிங் எங்கே என்று தேடுவேன். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வர வேண்டும். அதுவரை முன்பணம்கூடக் கொடுக்க மாட்டேன்.

விலையைப் பின்னாலிருந்து போடுங்கள். 100க்கு விற்கும் என்றால் ரிப்பேருக்கு 12, ஏற்றி இறக்க 3, விற்காமல் நிற்கும் நாட்களின் வட்டிக்கு 5, எனக்கு 15. ஆக, 65க்கு மேல் வாய் திறக்க மாட்டேன். உழவு முடிந்ததும் வாங்குவேன், அடுத்த உழவுக்கு ஒரு மாதம் முன்பு வெளியே நிறுத்துவேன்.

விற்பதற்குப் பேட்டரி, விளக்கு, ஒழுகும் சீல், சீட் இவற்றைச் சரிசெய்தால் போதும். பெயிண்ட் அடிப்பதில்லை, நான் சந்தேகப்படுகிற மாதிரி வாங்க வருபவரும் சந்தேகப்படுவார். லிப்ட் இறங்குகிறது என்றால் அதைச் சொல்லியே விலை பேசுவேன். மறைத்து விற்றால் ஒரே வாரத்தில் வண்டி வாசலில் வந்து நிற்கும், பின்னாலேயே அவருடைய மச்சான்களும்.

ஆறு மாதமாகியும் நகராததைப் பிரித்துவிடுவேன். உதிரி பாகம் வருவது நின்றுபோன மாடல்களின் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் பம்ப், முன் அச்சு எல்லாவற்றுக்கும் ஆள் தேடி வருவார்கள். பல நேரம் முழு வண்டியை விட இதில்தான் கூடுதலாகத் தேறுகிறது.