ஊர்க்கதை சேகரிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத் துறை, அறக்கட்டளை, நாடகக் குழு என்று ஏதோ ஒன்றின் பெயரில் இளைஞர்கள் மக்கள் கதைகளைத் தொகுக்க ஊருக்குள் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மூத்தவர்கள் செய்து சூடுபட்ட அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரி தீர்ந்தது, மெமரி கார்டு நிரம்பியது, ஃபேன் சத்தம் விழுந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். கதை சொன்னவருக்குச் சேதம் செய்பவை வேறு.

தலைவர் வீட்டுத் திண்ணையில் தொடங்குவது

ஊராட்சித் தலைவரின் வண்டியில் போய் இறங்கி, அவர் வீட்டில் காபி குடித்து, அவர் கைகாட்டும் நாலு பேரைப் பதிவுசெய்தால் கிடைப்பது அவருக்குப் பிடித்த ஊர் வரலாறு. ஊர்த்தெருவும் காலனியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், முதலில் எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு காலனியில் கிடைப்பது தலைவர் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத பேச்சுதான்.

முதல் கூட்டத்தைக் காலனியிலேயே வையுங்கள். பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். நூறு நாள் வேலையிலிருந்து திரும்பி, அடுப்பு பற்றவைப்பதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் அவர்களுடையது. அதற்குத் தக்கபடி உங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரோ மகனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பதில் அவரிடமிருந்து வர ஆரம்பிக்கும். குழுவில் ஒருவர் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசிக்கொண்டிருப்பது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது.

“உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க”

இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஊருக்கு முதல் பஸ் எப்போது வந்தது என்று கேளுங்கள், மற்றது தானாக வரும்.

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பதிவு தொடங்குமுன் ஒரு தாளை நீட்டி, “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் பாட்டி” என்று கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தாளில் பேட்டி, புகைப்படம், புத்தகம், நாடகம், யூடியூப் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கும். என்ன பேசப்போகிறோம் என்று தனக்கே தெரியாத நேரத்தில் ஒருவர் கொடுத்த சம்மதம் அது.

பிறகு நடப்பது இப்படி. இரண்டு மணி நேரம் பேசியவர், அதில் பத்து நிமிடம் தன் தங்கை மகள் வேறு சாதிப் பையனோடு போன கதையைச் சொல்லிவிடுகிறார். அதுதான் ‘வலுவான பகுதி’ என்று நாடகக் குழு எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றியாயிற்று, போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டெய்லர் கடை வைத்திருந்தவரின் இரண்டாவது மகள் என்ற விவரம் அப்படியே வசனத்தில் இருக்கிறது. ஊரில் யாருக்குப் பெயர் வேண்டும்? எங்கோ மறைந்து வாழும் அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்தத் தெருவில் மைக்கைப் பார்த்தாலே கதவு சாத்தப்படும் நிலை வந்துவிடும். அடுத்து வருகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பயனில்லை.

சம்மதத்தை மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, கருவி இல்லாமல் போய். யார் பணம் தருகிறார்கள், பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்பார்கள் என்று பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். பதிவுசெய்வது, ஆவணக்காப்பகத்தில் வைப்பது, அச்சிடுவது, மேடையேற்றுவது, இணையத்தில் போடுவது ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கு வேண்டாம் எனலாம். பெயர், முகம், குரல் மூன்றும் வேறு வேறு கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தாளைவிட, அவர் வாயாலேயே சொல்வதைத் தனி ஒலிக்கோப்பாகப் பதிவது மேல்.

இரண்டாவது தடவை, பதிவு முடிந்து இரண்டு வாரத்துக்குள். பிரதியோடு போய் உடன் உட்கார்ந்து கேளுங்கள். லிங்க் அனுப்பினால் போதாது. அவர் வீட்டு ஃபோனில் ஓடக்கூடிய மெமரி கார்டில் கொடுங்கள். எடுத்துவிடச் சொல்லும் இடங்களை நிமிடம், நொடி கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். பேச்சில் அடிபடும் மூன்றாம் நபர்களின் பட்டியலையும் அப்போதே போடுங்கள்.

மூன்றாவது தடவை, வெளியிடுவதற்கு முன். இரண்டு மணி நேரத்தை மூன்று நிமிடமாக வெட்டிய பிறகு அது வேறு பேச்சு. அந்த மூன்று நிமிடத்தை அவர் பார்த்தாக வேண்டும்.

பின்வாங்கும் வழியும் வேண்டும். மின்னஞ்சல் முகவரி கொடுப்பது கேலிக்கூத்து. ஒரு ஆளின் பெயரும் ஃபோன் எண்ணும் கொடுங்கள். அச்சான புத்தகத்தையோ பிறர் இறக்கிவைத்துக்கொண்ட வீடியோவையோ திரும்ப எடுக்க முடியாது என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இதெல்லாம் செய்தும் சிலர் மாட்டிக்கொள்வது நிதி ஒப்பந்தத்தில். ‘திட்டத்தில் உருவாகும் அனைத்தும் நிதி வழங்குபவருக்கே சொந்தம்’ என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய், “நீங்க வேண்டாம்னா அழிச்சிடுவோம்” என்கிறார்கள். அழிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லவே இல்லை. அந்த வரியை முதலில் மாற்றுங்கள். மாற்ற மறுத்தால் ஊரில் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

கொடுக்கக் கூடாத இன்னொரு வாக்குறுதி, “இது யார் கைக்கும் போகாது” என்பது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்து மோதல்களில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழுவினரின் நேர்காணல்களைத் தொகுத்தது. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளிவராது என்று உறுதி சொல்லப்பட்டிருந்தது. இறந்துபோன இருவரின் பேச்சை வைத்து 2010இல் ஒரு புத்தகம் வெளிவந்தது. மறு ஆண்டே, ஒரு கொலை விசாரணைக்காக பிரிட்டன் தரப்பு கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்காவில் சம்மன் வந்தது. வழக்காடியும் பயனில்லை, சில பதிவுகள் காவல்துறைக்குப் போய்ச் சேர்ந்தன. நம் ஊரில் வன்கொடுமை வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது சம்பவத்தைப் பதிவுசெய்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். சாட்சி உங்கள் கேமராவில் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் இடையே ஒரு தேதி மாறினால் போதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். வழக்கு முடியும்வரை அந்தச் சம்பவத்தைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ் குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. ‘விழிப்புணர்வுக்காகச் செய்தோம்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

பேச்சைத் திருத்தி எழுதுவது

‘வந்தாக’ என்றால் ‘வந்தாக’ என்றே எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை ஆவணக்காப்பகம் ஆக்குவது

அதில் வாய்ஸ் நோட்டாக அனுப்பும் ஒலி சுருங்கிப்போகும், சுருங்கினது திரும்பாது. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாகவே பதியுங்கள்; 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, மோனோவில் (ஒரே சேனலில்) ஏறக்குறைய 500 எம்பிதான். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் இருந்தால் போதும். ஆள் பெயர் வேண்டாம். அது பூட்டிவைக்கும் தனிப் பதிவேட்டில் இருக்கட்டும்.

“வரும்போது பறையும் கொண்டு வாங்க”

சமூகநீதி விழா என்றதும் இந்த அழைப்பு போய்விடுகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு போலப் பெண்களே பறையடித்து மேடையேறும் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் கையில் பறை விடுதலைக் கருவி. அதே பறையை, சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்ற சாதிக் கட்டாயத்தை எதிர்த்துக் கீழே போட்ட ஊர்களும் உண்டு. அடி வாங்கி, வேலை இழந்து கைவிட்ட தொழிலை நீங்கள் சால்வை போட்டு மறுபடி கையில் திணிக்கிறீர்கள். முதலில் கேளுங்கள்: உங்கள் ஊரில் பறை அடிக்கிறீர்களா, நிறுத்தினீர்களா, நிறுத்தினால் ஏன்? அந்த நிறுத்தின கதையே சில சமயம் நிகழ்ச்சியைவிடப் பெரியது.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை ‘இருபது நிமிஷம் மட்டும்’ என்று கேட்பதும் இதே வகை. முகம் எழுதி, கட்டை எனும் மர அணிகளைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். குறைவாகத்தான் வேண்டுமென்றால் எந்தக் கட்டம் என்பதைக் கூத்து வாத்தியாரே முடிவு செய்யட்டும். கூலியை நிமிடக் கணக்கில் குறைக்காதீர்கள். வீடியோ எடுப்பதற்குத் தனி அனுமதி, தனிப் பணம். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கென்று 50 ஆண்டு நீடிக்கும் தனி உரிமை கொடுத்திருக்கிறது. முகவீணைக்காரரையும் தாளம் போடுபவரையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, போக்குவரத்துச் செலவோடு அன்றைக்கே ரொக்கமாகக் கொடுங்கள். ‘ரெண்டு மாசத்தில் அக்கவுண்ட்டில் ஏறிவிடும்’ என்பது உங்கள் அலுவலகத்தின் சிக்கல். அதற்கு முன்பணத்தை அலுவலகத்திலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.