மோட்டார்ஹோமில் அயர்லாந்தின் மேற்குக் கரை

மேற்குக் கரையோரமாகப் போகும் வைல்ட் அட்லாண்டிக் வே என்ற சாலை வழி மொத்தம் 2,500 கிலோமீட்டர். மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியில், குழந்தைகளோடு இரண்டு வாரத்தில் முழுவதையும் முடிக்க நினைக்காதீர்கள், கெர்ரி, கிளேர் ஆகிய இரண்டு மாவட்டங்கள் மட்டும் போதும்.

தெற்கிலிருந்து வடக்கே போங்கள். அங்கே இடப்பக்க ஓட்டம் என்பதால் கடல் உங்கள் பக்கமே வரும், நினைத்த இடத்தில் எதிர்வண்டியைக் குறுக்கிடாமல் ஒதுங்கி நிறுத்தலாம். ஆனால் ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச் சாலையில் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகார எதிர்த்திசையில்தான் சுற்றும், அதனால் பெரிய வண்டியோடு அந்தக் குறுகிய சாலையில் அவற்றுக்கு எதிரே போய் மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கும் வேலை வேண்டாம், நீங்களும் அதே திசையில் போய்விடுங்கள். கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்தில் கானர் பாஸ் என்ற மலைப்பாதை பக்கம் மோட்டார்ஹோமைத் திருப்பவே கூடாது, எடைக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜிபிஎஸ் அந்த வழியைக் காட்டினாலும் கேட்காதீர்கள்.

கெர்ரியின் டார்பர்ட்டிலிருந்து கிளேரின் கில்லிமருக்குப் படகில் வண்டியோடு ஏறினால் ஷானன் ஆற்றை 20 நிமிடத்தில் கடந்துவிடலாம், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். அப்புறம், கடற்கரை வாகன நிறுத்தங்கள் பலவற்றில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும், வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கிளேரில் கடலோரமாகச் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகள் 214 மீட்டர் உயரம், காற்று பலமாக அடிக்கும். சின்னவர்களின் கையை விடாதீர்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், தூங்கவைக்கக் கனமான திரை வேண்டும்.