கார் பந்தயத்தில் இறங்குபவர் முதலில் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் இருப்பவர் கார் பந்தயம் பழக வேறு மாநிலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தி, பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனி டிராக்கை அமைத்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில், கார் வடிவமைப்பாளரும் பந்தய வீரருமான கரிவர்தனின் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். வாய்ப்பு பக்கத்திலேயே இருப்பதால்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். காரை வாங்கி, இன்ஜினின் திறனைக் கூட்டி, கையிருப்பு தீர்ந்த பிறகு பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் பற்றி யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

முதல் ஆண்டில் சொந்தப் பந்தயக் கார் வேண்டாம். கார்ட் எனும் சிறிய திறந்த பந்தய வண்டியை வாடகைக்கு எடுத்துச் சில மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன் பிரேக்கை முடிப்பதும், வளைவின் உட்புள்ளியைத் தொட்டு வெளியேறுவதும், அருகில் இன்னொரு வண்டி இருக்கும்போது பதறாமல் இருப்பதும் அங்கே குறைந்த செலவில் படியும். அதன்பின் டிராக்கில் நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேருங்கள். பந்தயத்தில் பங்கேற்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். மருத்துவச் சான்றும் இரத்த வகை விவரமும் கையில் இருக்கட்டும். ஒரு பந்தய வார இறுதியிலாவது டிராக் ஓரம் நின்று கொடி காட்டும் மார்ஷலாகத் தொண்டு செய்ய வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மஞ்சள் கொடி ஆடும் இடத்தில் முந்தக்கூடாது, சிவப்புக் கொடி கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது என்பதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட, கொடியைக் கையில் பிடித்து நின்றவருக்கு அவை ஆழமாகப் பதியும்.

வாடகைக் காரில் ஓட்டினாலும் உடலில் அணிபவை சொந்தமாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டில் பலர் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பைக் ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கார் பந்தயத்துக்கு உரியதன்று. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. தரத்தில் தீப்பிடிப்புச் சோதனையும், ரோல் கேஜ் எனப்படும், கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டின் குழாயில் தலை மோதுவதைக் கணக்கில் கொண்ட சோதனையும் உண்டு, பைக்குகளுக்கான எம். தரத்தில் அவை இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரையில் எஸ்.ஏ.2020 போன்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8859 தர முத்திரை இருக்க வேண்டும். அணிந்த பிறகு வாரைக் கட்டி, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் கழன்று வரக்கூடாது. பிறர் பயன்படுத்திய ஹெல்மெட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், ஏனென்றால் உள்ளே நசுங்கிய நுரை வெளியே தெரியாது.

உடைக்கு எஃப்.ஐ.ஏ. 8856 முத்திரை உள்ள, தீயைத் தாங்கும் நோமெக்ஸ் வகைத் துணியே தேவை. அதே துணியில் உள்ளாடை, காலுறை, முகமூடி, கையுறை ஆகியவையும் வேண்டும். பாலியெஸ்டர் பனியனை உள்ளே அணிவது மிகப் பெரிய தவறு, வெப்பத்தில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் வீரர் ரொமேன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பற்றியபோது, சுமார் 28 விநாடிகள் தீக்குள் இருந்தும் அவர் தானாக வெளியே வந்தார். முக்கியக் காயம் கைகளில்தான். கையுறையை அலட்சியம் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

கழுத்துத் தாங்கியான ஹான்ஸ், ஹெல்மெட்டை இரு வார்களால் தோளில் அமரும் சட்டத்தோடு இணைக்கிறது. நேருக்கு நேர் மோதும்போது உடலைப் பெல்ட் நிறுத்திவிடும். தலை மட்டும் முன்னோக்கிப் பாயும். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவதற்கு இதுவே காரணம். 2001-இல் டேடோனாவில் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் அப்படித்தான் இறந்தார், அதற்குப் பிறகுதான் இந்தக் கருவி பரவலாகக் கட்டாயமாயிற்று. தோளையும் இடுப்பையும் பல வார்களால் சீட்டோடு கட்டும் பந்தயப் பெல்ட்டான ஹார்னஸ் இல்லாமல், சாதாரண சீட் பெல்ட்டோடு இதைப் பயன்படுத்த முடியாது. தோள் வார்கள் அதன் மேல் அழுத்திப் பிடித்தால்தான் அது வேலை செய்யும்.

இனி காருக்குள் வருவோம். சொந்தக் கார் வாங்கும் நிலை வந்ததும், அது பந்தயத்துக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிடுங்கள். ரோல் கேஜ் பொருத்திய காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால், சிறு மோதலிலேயே தலை இரும்புக் குழாயில் அடிபடும். டிராக்குக்கு அதை டிரெய்லரில் கொண்டு செல்லுங்கள்.

கேஜில் தொடங்குங்கள், ஏனென்றால் சீட்டும் பெல்ட்டும் அதைப் பொறுத்தே அமைகின்றன. எஃப்.ஐ.ஏ. விதிப்படி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குத் தையலில்லாத, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் சுவர்க் கனம் 2.5, விட்டம் 50 என்றால் 2.0. கிரில் கேட் செய்யும் பட்டறையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துத் தருவதாக யாராவது சொன்னால் உடனே திரும்பி வந்துவிடுங்கள். வளைவின் கால் பதியும் இடத்தில் தரைத் தகட்டுக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட வலுவூட்டும் தகடு தேவை. தலை எட்டக்கூடிய குழாய்களில் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட கெட்டியான நுரையைச் சுற்றுங்கள், ஏ.சி. குழாயில் சுற்றும் மென்மையான நுரை மோதலின் விசையைச் சற்றும் ஏற்காது.

அடுத்து, உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட். அதன் தாங்கிகளை நான்கு இடங்களிலாவது, குறைந்தது 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளால், தரைக்கு அடியில் எதிர்த் தகடு வைத்து இறுக்க வேண்டும். முன்பின் நகரும் தண்டவாளம் தவிர்க்கத்தக்கது. சீட்டில் ஹெல்மெட்டோடு அமர்ந்து, தலைக்கும் மேற்குழாய்க்கும் இடையே இடைவெளி இருக்கிறதா, பெடலை முழுவதும் அழுத்தும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கிறதா, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படுகிறதா என்று பார்த்த பிறகே துளை போடுங்கள்.

மிக அதிகமாகத் தவறு நடப்பது ஹார்னஸில்தான். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு காரில், தோள் வார்களைப் பின் சீட்டு பெல்ட் இருந்த தரைத் துளைகளிலேயே மாட்டியிருந்தார்கள். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மோதலின்போது அந்த வார்கள் ஓட்டுநரின் தோளைப் பின்னோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி அழுத்தும். முழு விசையும் முதுகெலும்பில் இறங்கும். தோள் வார்கள் சீட்டின் துளையிலிருந்து ஏறக்குறைய கிடைமட்டமாகப் பின்னோக்கிச் சென்று, கேஜின் குறுக்குக் குழாயில் கட்டப்பட வேண்டும். 10 பாகைக்குள் சாய்வு இருப்பது சிறந்தது, 45 பாகையைத் தாண்டவே கூடாது. இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக அமர வேண்டும். வயிற்றின் மேல் ஏறினால் அது உள்ளுறுப்புகளைக் கிழிக்கும். கால்களுக்கு இடையே வரும் வார்கள் இடுப்பு வார் மேலேறாமல் பிடித்துக்கொள்வதற்காகவே உள்ளவை, ஆகவே ஆறு முனை ஹார்னஸையே வாங்குங்கள்.

பெல்ட்டின் முனைகளைத் தரையில் பொருத்துமிடத்தில் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகட்டை அடியில் வையுங்கள். ஹார்னஸோடு வரும் வளைய போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல மரையுடையது. அதற்கு நம் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் நட்டை வலிந்து முறுக்கினால் மரை கெட்டுப்போய், இறுகியதுபோலத் தோன்றும். இழுவிசை வந்தால் பிடித்து நிற்காது. வாரில் தைத்துள்ள லேபிளில் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், ஏனென்றால் வெயிலும் வியர்வையும் நூலிழையை மெல்ல மெல்லப் பலவீனமாக்குகின்றன. சென்னை வெயிலில் நிற்கும் காருக்கு ஓர் உறை போட்டு வைப்பது அதற்கும் நல்லது.

தீயணைப்பான் ஓட்டுநரின் கை எட்டும் தூரத்தில், சட்டென்று விடுபடும் இரண்டு உலோகப் பட்டைகளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பிடியில் மாட்டினால் மோதலில் அதுவே எறிபொருளாகிவிடும். மின்துண்டிப்புச் சுவிட்சை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயக்க முடிய வேண்டும். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி வெளியே ஒட்டப்பட வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்திலேயே இன்ஜின் தொடர்ந்து ஓடக்கூடும் என்பதால், இன்ஜின் ஓடும்போதே சுவிட்சைத் திருப்பி அது நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.

எல்லாம் பொருத்திய பின், பந்தய நாளுக்கு முன்னரே முழு உடையோடு காரில் அமருங்கள். இடுப்பு வாரை முதலில் இறுக்கி, பிறகு தோள் வார்களை இறுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைத் திறந்து, ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஜன்னல் வலையை விடுவித்து வெளியே வந்து பழகுங்கள். புகைக்குள் எதுவும் தெரியாது, கைதான் வழி தேடும். நண்பர் ஒருவர் நேரம் குறித்துக்கொண்டிருக்க, எங்கே உடை சிக்குகிறது, எந்தக் கொக்கியில் விரல் தடுமாறுகிறது என்று கவனித்துச் சரிசெய்யுங்கள். காரின் அடித்தளத்தை வளைக்கும் அளவுக்கு மோதல் நேர்ந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஹார்னஸையும் ஹெல்மெட்டையும் மாற்றிவிட்டு, கேஜின் வெல்டுகளைப் பரிசோதகரிடம் மீண்டும் காட்டிய பிறகே அந்தக் காரை டிராக்கில் இறக்குங்கள்.