தீட்டத் தெரியாமல் இரண்டாவது கத்தி வாங்காதீர்கள்

மழை ஓய்ந்து மலையேறும் பருவம் தொடங்கியதும் பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்குக் கத்திகள் வரத் தொடங்கும். சொந்தக்காரப் பிள்ளைகளும் அவர்களுடைய அலுவலக நண்பர்களும் மாகளிதுர்காவுக்கோ ராமநகரத்துக்கோ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று நீட்டுவார்கள். சென்ற ஆண்டு ஒரு தம்பி ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பதினொரு கத்திகள் இருந்தன. மடக்குக்கத்தி, உறையோடு கூடிய முகாம் கத்தி, முதுகில் ரம்பப் பல் வைத்த ஒன்று, கைப்பிடிக்குள் தீக்குச்சி வைக்க இடமுள்ள ஒன்று என எல்லாம் இரண்டு வருடங்களுக்குள் வாங்கியவை. சமையலறையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து வந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். பதினொன்றில் ஒன்றுகூடத் தோலைக் கீறவில்லை. அழுத்தினால் தக்காளி நசுங்கியது.

நான் பார்க்கும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். கத்தி வாங்குகிறவர்கள் தீட்டக் கற்றுக்கொள்வதில்லை. கடையிலிருந்து வரும் கூர் சில மாதங்களில் மழுங்கிவிடும். மழுங்கியதும் அடுத்ததை வாங்குகிறார்கள். மழுங்கிய கத்தி வெட்டாது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. வெட்டாத கத்தியை நாம் அழுத்துகிறோம். அழுத்தும் கத்தி வழுக்கும். வழுக்கும் கத்தி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தீட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. 1000 எண் கொண்ட தண்ணீர்க் கல், அதாவது தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல், ஒன்று போதும். எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். வெட்டுவாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் 400 எண் கல் வேண்டும். 6000 எண் கல்லெல்லாம் ஆசைக்கு, பிறகு வாங்கலாம். எந்தச் சாய்வில் வைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் சாய்வு ஏறத்தாழ 20 டிகிரி; நான்கில் ஒரு பங்கு தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. வெளிவேலைக் கத்திக்கு 20, பழம் நறுக்கும் சின்ன மடக்குக்கத்திக்கு 15. தொடங்கிய சாய்வைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருப்பதுதான் முக்கியம்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து வெட்டுவாயை நோக்கி மெதுவாக நகர்த்தினால் ஓரத்தில் சுரசுரவென்று படும். அந்தப் பிசிறு அடிமுதல் நுனிவரை எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பலர் அதற்கு முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறார்கள். பத்துத் தடவை இந்தப் பக்கம், பத்துத் தடவை அந்தப் பக்கம் என்று எண்ணிக்கை வைத்துத் தேய்த்துவிட்டு, கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்கிறார்கள். பிசிறு எழுந்ததும் மறுபக்கம் தேய்த்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்பான உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் அது உதிர்ந்துவிடும். தண்ணீர்க் கல்லில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அதன் நுண்துளைகள் அடைத்துக்கொண்டு கல் பாழாகிவிடும். கல்லின் நடுவிலேயே தேய்த்துக் குழி விழ வைக்கவும் வேண்டாம்.

கத்தியைப் பிளவுக்குள் விட்டு இழுக்கும் கைக்கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தீட்டுவதில்லை, எஃகைச் சுரண்டி எடுக்கின்றன. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தைப் பற்றி ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு கார்பன் எஃகு மடக்குக்கத்தியைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். பொறி பறக்க இரண்டே இழுப்பு. திரும்பி வந்த அலகின் நுனிக்கு அருகில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலத் திட்டு இருந்தது. அப்போது அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் மீண்டும் பதமாக்குவார்கள். எஃகின் மேல் நீல நிறம் தோன்றுவது ஏறத்தாழ 300 டிகிரியில். அதாவது அந்த இடத்தில் பதம் போய் எஃகு மென்மையாகிவிட்டது. அந்த நுனியில் பிறகு கூர் நிற்கவே இல்லை. அந்த மனிதர் மீது தவறில்லை. அவருடைய சக்கரம் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்றது. மெல்லிய அலகை அதற்குக் கொடுத்தது என் தவறு.

அரிவாள்மனை என்றதும் துரு நினைவுக்கு வருகிறது. வேலை முடிந்ததும் அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிச் சாய்த்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் பாட்டிமார் வரைக்கும் இருந்தது. பிறகு சில்வர் வந்தது, பழக்கம் போய்விட்டது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை அப்படியே நம்பிவிடுகிறோம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அந்தப் பெயர் கொடுக்கிறார்கள். அது துருவைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. உப்பு மாங்காய் நறுக்கிய கத்தியைத் துடைக்காமல் மடக்கிப் பையில் போட்டால், மறுவாரம் கீலுக்குள் பழுப்புப் புள்ளிகளைப் பார்க்கலாம். கார்பன் எஃகு இன்னும் ரோஷம் உள்ளது. எலுமிச்சை பட்ட சில நிமிடங்களில் கறுக்கும். அந்தச் சாம்பல் நீலக் கறுப்பைப் பார்த்துப் பயந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னொரு தவறு. அது எஃகுக்கு ஓரளவு காப்பு. செம்பழுப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் துரு. அதை மட்டும் எடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சமையலறைப் புட்டியைத் தொட வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய் சில வாரங்களில் பிசுக்காகி, கீலில் ஒட்டிக்கொண்டு கத்தியைத் திறக்க விடாது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை. ஆனால் பெங்களூரின் டிசம்பர் காலையில் அது புட்டிக்குள் உறைவதுபோலக் கீலுக்குள்ளும் உறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. உணவில் பட்டாலும் கெடுதலில்லை, பிசுக்காகாது. கீலுக்கு ஒரு துளி, அலகுக்குத் துணியில் தொட்டு ஒரு பூச்சு.

மரக் கைப்பிடிக் கத்தியைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி இன்று நம் ஊர் மலையேறிகளிடமும் பரவலாக இருக்கிறது. அதன் பீச் மரக் கைப்பிடி நனைந்தால் உப்பிக்கொண்டு அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை இடுக்கியால் இழுத்துத் திறக்கப் போய் நுனியை உடைத்தவரை எனக்குத் தெரியும். நிழலில் இரண்டு நாள் உலரவிட்டிருந்தால் தானாகவே தளர்ந்திருக்கும்.

இனி, விரல் வெட்டுப்படும் தவறு. மாகளிதுர்கா கோட்டையின் மேலே எங்கள் குழுவில் ஒருவர் தேங்காய்க் கண்ணைப் பேனாக்கத்தியின் நுனியால் குத்தித் தோண்டினார். கண்ணில் சிக்கிய நுனியை எடுக்க அவர் கையை அசைத்தபோது அலகு பின்னோக்கி மடங்கி ஆள்காட்டி விரலின் இரண்டாவது கணுவில் இறங்கியது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். மூன்று தையல். சிறிய பேனாக்கத்திகளில் அலகைத் திறந்தபடி நிறுத்துவது ஒரு வில் மட்டுமே, பூட்டு கிடையாது. முதுகுப் பக்கத்திலிருந்து விசை வந்தால் மடங்கிவிடும். அதன் அமைப்பே அப்படி. ஒபினெல் கத்தியில் 1955-ல் சேர்த்த சுழலும் வளையம் போன்ற பூட்டுகள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனால் பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் மடக்குக்கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது, தகர டப்பாவை நெம்புவது எல்லாம் பூட்டையும் கீலையும் தளர்த்திவிடும். அடிக்கும் வேலைக்கு, எஃகு கைப்பிடியின் கடைசிவரை ஓடும் மடங்காத கத்தி வேண்டும். கைப்பிடிக்குள் வெற்றிடம் உள்ள கத்திகளில் அலகு ஒரு சின்ன இணைப்பில்தான் நிற்கிறது. அந்தத் தம்பியின் பெட்டியில் இருந்ததை நான் கையில் வாங்கியபோதே ஆடியது.

உட்கார்ந்து செதுக்கும்போது முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, கத்தி முழங்காலுக்கு அப்பால் வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள். தொடையின் உட்புறம் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. மலைமேல் அங்கே வெட்டுப்பட்டால் நேரம் இருக்காது. கீழே விழும் கத்தியைப் பிடிக்காதீர்கள், விழட்டும்.

பெரிய கத்தி வாங்கும் ஆசையைப் பற்றி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மலையேற்றத்துக்கு அந்த நீளத்தில் பாதிகூடத் தேவையில்லை. என் பையில் போவது 3 அங்குல அலகுதான். பலருக்குத் தெரியாத இன்னொன்று, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்துக்குள் கத்தியும் அடங்கும். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. குக்கே சுப்பிரமணியாவிலிருந்து நம்மவர்கள் பக்தியோடும் ஆசையோடும் ஏறும் குமார பர்வதம், புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. அங்கே போகும்போது கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழத்தை நறுக்கியே கொண்டுபோங்கள். அங்கே விறகு வெட்டுவதும் தீ மூட்டுவதும் காட்டுக்குச் செய்யும் கேடு.

மெட்ரோவில் பை எக்ஸ்-ரே பெட்டிக்குள் போகும்போது கத்தி தெரியும், நிறுத்துவார்கள். கத்தியோடு போகும் நாளில் பஸ்ஸிலோ சொந்த வண்டியிலோ போவது நல்லது. விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது. சரக்காக ஏற்றும் பெட்டியில் உறையோடு வையுங்கள். விமான நிலையச் சோதனையில் விட்டுவிட்டு வந்த கத்தி திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள் வேறு வகை. பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் ஞாயிறு காலை கூடும் பழைய பொருள் சந்தையில் நான் வருடக்கணக்காகச் சுற்றியிருக்கிறேன். கதை கேட்டு வாங்கக் கூடாது என்பதுதான் அங்கே கற்றது. "நூற்றைம்பது வருடப் பழையது சார்" என்று ஒரு விக்டோரினாக்ஸ் கத்தியைக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தை உருவாக்கிய கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் பட்டறை தொடங்கியதே 1884-ல். தாயார் விக்டோரியாவின் பெயர் அதற்கு வந்தது 1909-ல். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு ஒட்டி விக்டோரினாக்ஸ் ஆனது 1921-ல். அலகின் அடியில் இருக்கும் முத்திரையைப் படித்தால் இவ்வளவும் தெரிந்துவிடும். ஆகவே பழைய கத்தியை வாங்கி வந்ததும் பளபளவென்று மெருகேற்றாதீர்கள். முதலில் தேய்ந்து போவது அந்த முத்திரைதான்.

டமாஸ்கஸ் எஃகு என்று விற்கப்படும் கத்திகளின் அலை வரிகளிலும் ஏமாற்று மிகுதி. இன்று வருபவை இருவேறு எஃகுகளை அடுக்கி, காய்ச்சி, ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்த்து வரி எழச் செய்பவை. அது நேர்மையான கைவேலை. சாதாரண எஃகின் மேல் வரிகளை அச்சிட்டு விற்பது மோசடி. அலகின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்குகளின் வரி முதுகிலும் தொடரும், அச்சிட்டது பக்கத்தோடு நின்றுவிடும். இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பழைய எஃகு வேறு. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிக் கட்டியாக்கிய நம் தென்னாட்டு உருக்கு அது. அந்த வரிகள் அடுக்கி ஒட்டியதால் வந்தவை அல்ல. அதன் மிகுந்த கார்பன், குளிரும்போதும் அடிக்கும்போதும் எஃகுக்குள்ளேயே பட்டைகளாகத் திரண்டதால் எழுந்தவை. கன்னடத்தில் அதை 'உக்கு' என்கிறார்கள். ஐரோப்பியர் வாயில் அது 'ஊட்ஸ்' ஆகியது என்பது பரவலான கருத்து. பெங்களூர் தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனத்தின் சாரதா சீனிவாசன், தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் அந்த எஃகு செய்த இடத்தையும் மூசைகளையும் ஆராய்ந்திருக்கிறார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு சந்தைக்குப் போங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு 'ஊட்ஸ்' கிடைக்காது.

கடைசியாக, வைக்கும் இடம். தோல் உறைக்குள்ளேயே கத்தியை மாதக்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கும். பித்தளையில் பச்சை பூக்கும், எஃகில் குழி விழும். உறையைத் தனியாகவும், எண்ணெய் தடவித் தாளில் சுற்றிய கத்தியைத் தனியாகவும் வையுங்கள். மழைக்காலத்தில் மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பெட்டிக்குள் போடலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் பெட்டிக்குப் பூட்டு கட்டாயம். ஒரு நோட்டில் எங்கே வாங்கியது, எந்த எஃகு, எந்தச் சாய்வில் தீட்டியது என்று எழுதி வையுங்கள். சாய்வை மறந்துவிட்டால் அடுத்த தடவை வெட்டுவாயைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும்.

அந்தத் தம்பிக்கு என் பழைய 1000 எண் கல்லையும் அவனுடைய கத்திகளில் ஒன்றையும் மட்டும் கொடுத்தனுப்பினேன். மற்ற பத்தும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு தக்காளியோடு வந்தான்.