‘ஏன் இந்தப் படிப்பு?’ – செவிலியமும் பொதுச் சுகாதாரமும் நாடுவோர் தம் நோக்கத்தை எழுதும் முறை

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணின் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று கேட்பார்களே தவிர, ஏன் இந்தப் படிப்பு என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி பின்னால்தான் வருகிறது. நேர்முகத் தேர்வு நடத்தும் கல்லூரியில் வரலாம். பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பான எம்.பி.எச்.சுக்கு விண்ணப்பிக்கும்போது வரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நோக்கக் கடிதம் கேட்கும்போது வரலாம். இவை எதுவுமே இல்லாதவருக்கு முதல் வார நைட் டூட்டியில், விடியற்காலை நான்கு மணிக்கு, தாமே தம்மைக் கேட்டுக்கொள்ளும் கேள்வியாக வந்து நிற்கலாம். எங்கே வந்தாலும் விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு வாக்கியத்தை ஒதுக்கி வையுங்கள். ‘சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு’ என்ற வாக்கியம் அது. அதை எழுதுபவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலோர் உண்மையாகவே அப்படி உணர்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் கீழே உங்கள் பெயரை அடித்துவிட்டு உங்கள் வகுப்புத் தோழியின் பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியம் எதுவும் உங்களைப் பற்றியது அல்ல, அதை எடுத்துவிடலாம். முதல் வரைவில் பாதிக்கு மேல் போய்விடும். அதற்காகக் கலங்க வேண்டாம்.

மிஞ்சியதை வைத்து எழுத ஒரு நிகழ்ச்சி தேவை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நீங்கள் நோயையும் நோயாளியையும் அருகிலிருந்து பார்த்த தருணங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: உறவினருக்குத் துணையாக வார்டில் படுத்திருந்த இரவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தம்பிக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்த காலை, 108 ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்து நின்ற நேரம், பள்ளிக்கு வந்த மருத்துவ முகாம். அப்போது என்ன உணர்ந்தீர்கள் என்பதை இப்போதைக்கு எழுத வேண்டாம். யார், எதை, எந்த வரிசையில் செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். உணர்ச்சியை எழுதத் தொடங்கினால் எல்லாருடைய எழுத்தும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது; செயலை எழுதினால் ஒருவருடையது போல் இன்னொருவருடையது இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘பாட்டி பக்கவாதத்தால் படுத்திருந்தபோது செவிலியர் அன்போடு கவனித்துக்கொண்டார், அதைப் பார்த்து எனக்கும் இந்தப் பணியில் ஆர்வம் ஏற்பட்டது’ என்று ஒருவர் எழுதலாம். அதே நிகழ்ச்சியை, ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும் என்று செவிலியர் சொன்னார், இழுத்தால் தோல் உரியும், விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்ப வேண்டும் என்று என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார், இரவில் அலாரம் வைத்து நானே செய்தேன், வீட்டுக்குத் திரும்பும் நாள்வரை பாட்டிக்குப் புண் வரவில்லை’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் அன்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் எழுதியவருக்குச் செவிலியம் என்பது என்ன வேலை என்று தெரிந்திருக்கிறது, அந்த வேலையில் ஒரு சிறு துண்டை அவர் செய்தும் பார்த்திருக்கிறார், அதன் பலனையும் கவனித்திருக்கிறார். நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி எத்தனை துணைக் கேள்வி கேட்டாலும் அவர் தடுமாற மாட்டார், ஏனெனில் அவர் அங்கே இருந்தவர்.

நிகழ்ச்சி பெரியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய நிகழ்ச்சி அமைந்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி மருத்துவக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தும், இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாதவராக இருந்தார். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வலியில் தவிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்று ஐடா சொன்னபோது, அந்நிய ஆண் தங்கள் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தக் கதை வேலூர்ப் பக்கத்தில் பலரும் அறிந்ததுதான். பலரும் சொல்லாமல் விடுவது அதற்கு அடுத்த பகுதியை. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899இல் தேறினார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு பணியைத் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். ஓர் இரவின் கேள்விக்கு அவர் சொன்ன விடை முடிவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. மருத்துவம் படித்த ஒரு பெண் போதாது, பயிற்சி பெற்ற பெண்கள் நிறையப் பேர் வேண்டும் என்று அந்த விடை வழியிலேயே விரிந்தும் போயிற்று. உங்கள் கடிதத்திலும் இந்த விகிதம் இருக்கட்டும்: நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு வரி, அதன் பிறகு நீங்கள் செய்ததற்கும் அறிந்துகொண்டதற்கும் மீதி இடம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நாம் நினைவில் வைத்திருப்பதும் அந்தத் துயரத்துக்காக அல்ல, 1954இல் அடையாற்றில் செயல்படத் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்காகத்தான்.

செவிலியமா, பொதுச் சுகாதாரமா?

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் ஏராளம். எம்.பி.எச். விண்ணப்பத்தில் ‘நோயாளியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல விரும்புகிறேன்’ என்று எழுதினால், படிப்பவர் இவர் தவறான வரிசையில் நிற்கிறார் என்றுதான் எண்ணுவார். உங்கள் நிகழ்ச்சியையே மீண்டும் எடுத்து, அது முடிந்த பிறகு உங்கள் மனத்தில் எந்தக் கேள்வி தங்கியது என்று பாருங்கள்.

டெங்கு வார்டை வைத்துச் சொல்கிறேன். கொசுவலைக்குள் படுத்திருக்கும் குழந்தைக்கு நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா, காய்ச்சல் இறங்கிய பிறகும் வயிற்றுவலியும் வாந்தியும் தொடர்கின்றனவா, டிரிப்பின் வேகத்தைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே சொல்ல வேண்டுமா என்ற கேள்விகள் உங்களைப் பிடித்துக்கொண்டால், உங்கள் இடம் கட்டிலின் அருகே இருக்கிறது. அடுத்தடுத்த நான்கு கட்டில்களில் ஒரே தெருவைச் சேர்ந்த பிள்ளைகள் ஏன் படுத்திருக்கிறார்கள், அந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிறது, வராத நாட்களுக்காக மக்கள் டிரம்மில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தானே ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது என்று உங்கள் எண்ணம் வார்டை விட்டு வெளியே ஓடினால், நீங்கள் பொதுச் சுகாதாரத்தின் ஆள். டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்வதற்குக் காரணம், முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதுதான். ஆனால் தண்ணீரே பத்து நாளுக்கு ஒருமுறை வரும் ஊரில் அந்த அறிவுரையை யார் கேட்பார்கள் என்று யோசிப்பதும் இந்தத் துறையின் வேலையே.

இந்தக் கோணத்துக்கு உள்ளூரிலேயே நல்ல பாடம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும், அதை வாங்க ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழக்க வேண்டியிருந்தால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் பெண் தன்னார்வலரோடு ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு எழுதும் பத்தி, இணையத்தில் படித்து எழுதும் பத்து பக்கத்துக்குச் சமம். பொதுச் சுகாதாரத்துக்கென இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1939இல், என்பதையும், மருத்துவக் கல்வியிலிருந்து தனியாகப் பொதுச் சுகாதாரத்துக்கு இங்கே ஓர் இயக்குநரகமே இருக்கிறது என்பதையும் அறிந்திருப்பது எம்.பி.எச். விண்ணப்பதாரருக்கு அழகு.

இரண்டு பக்கமும் சாய்பவர்கள் கிராம சுகாதார செவிலியரைப் பற்றி விசாரிக்கலாம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமையும் துணை சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு, கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டும் பார்க்கிறார், ஊரில் எத்தனைக் கர்ப்பிணிகள் என்று பதிவேட்டிலும் எழுதுகிறார். என் கணிப்பில் இந்தத் துறையிலேயே மிகக் குறைவாகப் பேசப்படும் பதவி அதுதான்.

வெளியே சொல்லத் தயங்கும் நோக்கங்கள்

வேலை உறுதி, முதல் சம்பளம், வெளிநாடு. இந்த மூன்றும் பலருடைய உண்மையான காரணங்கள். மூன்றையும் மறைப்பதற்கே பலர் சேவை என்ற சொல்லைத் தேடுகிறார்கள். பொறியியலுக்குப் போகிறவனிடம் சம்பளத்துக்காகவா போகிறாய் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. செவிலியருக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்ததற்குக் காரணமே, சேவை என்ற பெயரால் சம்பளம் அமுக்கப்பட்டதுதான். ஆகவே, ‘குடும்பத்தில் நிலையான வருமானம் ஈட்டும் முதல் ஆளாக நான் இருக்க வேண்டும் என்பதும் என் காரணங்களில் ஒன்று’ என்று ஒரு வாக்கியத்தில் நேராக எழுதுங்கள். அதுவே முழுக் கடிதமாக இருந்தால் மட்டுமே குறை.

எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இங்கே வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதை நீங்களாகக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. கேட்டால் மறுக்கவும் வேண்டாம். ஆனால் செவிலியம் என்பது மருத்துவத்தின் குட்டி வடிவம் என்ற எண்ணத்தோடு வந்திருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போன பிறகு மீதி நேரமெல்லாம் நோயாளியோடு இருப்பவர் செவிலியர். மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பவரும் பெரும்பாலும் அவர்தான். அந்தக் கவனிப்பில் உங்களுக்கு ஈடுபாடு உண்டா என்பதே கேள்வி. வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக வந்தவரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

எழுத உட்காருவதற்கு முன், பணியில் இருக்கும் ஒரு செவிலியரையாவது சந்தித்துப் பேசிவிடுங்கள். ‘இந்த வேலை பிடித்திருக்கிறதா அக்கா’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எப்போது விட்டுவிடலாம் என்று தோன்றியது, பிறகு ஏன் விடவில்லை என்று கேளுங்கள். மலம், வாந்தி, சீழ், இறந்தவரின் உடலைத் துடைத்துக் கட்டுவது, உறவினரின் வசவு, பண்டிகை நாளில் டூட்டி ஆகியவற்றைக் கேட்டபின்பும் போக வேண்டும் என்று தோன்றினால் மேலே செல்லலாம்.

கடிதத்தின் வடிவத்துக்குப் பிரிட்டனின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸ், 2026 சேர்க்கை முதல் வகுத்துள்ள மூன்று கேள்விகள் நல்ல சட்டகம். வெளிநாட்டுக்கே போகாதவரும் அவற்றைப் பயன்படுத்தலாம். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள், இதுவரை படித்தது உங்களை இதற்கு எப்படித் தயாராக்கியது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது எப்படி உதவும் என்பவை அவை. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. முதல் கேள்விக்கே இடத்தையெல்லாம் கொடுத்துவிடுவது வழக்கமான பிழை. மூன்றாவதுதான் உங்களைக் காட்டும்.

ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டிய கடிதமானாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்குக் கைவரும் சொற்றொடர்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியவையாக இருக்கும். தமிழில் தொடங்கினால் வார்டில் கேட்ட பேச்சும் வீட்டின் நிலையும் தாமாக வரும், அவற்றைப் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நோயாளியின் பெயர், ஊர், படம் எதையும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். இன்னொருவரின் நோய் பற்றிய ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவர் என்று அந்த ஒரு பிழையே உங்களை அடையாளம் காட்டிவிடும்.

முடித்த பிறகு கடிதத்தை ஆசிரியரிடமோ கடிதம் எழுதித் தரும் நிலையத்திடமோ கொடுப்பதற்கு முன், நீங்கள் சந்தித்த அந்தச் செவிலியரிடம் ஒரு பென்சிலோடு கொடுத்து, நம்ப முடியாத வரிகளை எல்லாம் அடித்துத் தரும்படி கேளுங்கள். அடிக்கப்பட்ட இடங்களுக்கு மாற்று வாக்கியம் தேடாமல், மிஞ்சியதைக் கோத்துத் திருத்தமாகப் படியெடுத்து அனுப்புங்கள்.