பழைய தோட்டப் போட்டிகளின் நினைவுகளைத் தொகுப்பது எப்படி?

காவிரிப் பாசன ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துத் தோட்டப் போட்டியைப் பற்றிக் கேட்கும்போது, "எந்த வருடம் நடந்தது?" என்று தொடங்காதீர்கள். ஆண்டு பெரும்பாலும் மறந்திருக்கும், தண்ணீர் மறந்திருக்காது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்த ஆண்டா, வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமான ஆண்டா, ஆடிப்பெருக்கிற்கு முன்பு விதைத்தார்களா பின்பா என்று கேட்டால், அவரை, புடலை, பீர்க்கு என்று பந்தல் முழுவதும் நினைவில் ஏறிவரும். 1952, 1977 நவம்பர் மாதப் புயல்களுக்கு முன்பா பின்பா என்று கேட்டு, காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம்.

பேச்சைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. எங்கள் தெருப் போட்டியில் பரிசு பெற்ற பாட்டி ஒருவர், கூடத்தில் கேட்டபோது இரண்டு வார்த்தைதான் சொன்னார். கிணற்றடிக்கு வந்ததும், பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு ஓடும்படி காலால் மண்ணை ஒதுக்கிக் காட்டியபடியே, வாய்க்கால் வண்டலோடு மக்கிய சாணத்தைக் கலந்த பக்குவத்தை விரிவாகச் சொன்னார். செடிப் பெயர்களை அவர்கள் சொல்லும் வழக்கிலேயே எழுதுங்கள். திருத்தினால் பாதிச் செய்தி போய்விடும்.

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டில் பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் அவசியம் படமெடுங்கள். சாம்பலில் புரட்டிய விதை பானையில் இன்னும் இருந்தால், ஒரு பிடி கேட்டு வாங்கி, அடுத்த ஆடிப்பட்டத்தில் ஊன்றிவிடுங்கள்.